திரையில் இருந்த எண்ணும் மெஷின் நின்ற இடமும்: பீன்யாவில் ஒரு திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். ஆப்பரேட்டர் தம்பி மில்லிங் மெஷினின் மெயின் ஸ்விட்சைப் போட்டார், கம்ப்யூட்டரைத் தொடங்கினார், சனிக்கிழமை பாதியில் நிறுத்திய அலுமினியம் பிளேட்டிலேயே வேலையைத் தொடர்ந்தார். பிளேட், அதைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் அப்படியே இருந்தது. டூலும் மாறவில்லை. திரையில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் சனிக்கிழமை மாலை காட்டிய எண்களையே காட்டின. அடுத்த பாக்கெட்டுக்கான, அதாவது பிளேட்டில் வெட்ட வேண்டிய அடுத்த குழிக்கான, புரோகிராமை எடுத்து ஸ்டார்ட் அழுத்தினார்.

பிளேட்டுக்கு மேலே 5 மி.மீ. உயரத்தில் வந்து நிற்க வேண்டிய எண்ட்மில், அதாவது சுழன்று வெட்டும் டூல், ஏறக்குறைய உரசும் உயரத்தில் வந்து நின்றது. "என்னடா இது" என்று அவர் கை பொத்தானுக்குப் போவதற்குள் டூல் கீழே இறங்கி வெட்ட ஆரம்பித்துவிட்டது. 8 மி.மீ. கார்பைடு எண்ட்மில் நாற்பது மி.மீ. தூரம் போய் முறிந்தது. முறிந்த துண்டு மெஷின் கவரில் பட்டுக் கீழே விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. நஷ்டக் கணக்கில் முதலில் எழுத வேண்டியது அதுதான். கவர் திறந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

நான் அந்த ஷெட்டில் புரோகிராமும் மெயின்டனன்ஸும் பார்க்கிறேன். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இதுபோல ஆயிரக்கணக்கான சின்ன ஷெட்டுகள் இருக்கின்றன, அவற்றில் நிறைய இடங்களில் கைமெஷினை சிஎன்சியாக, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினாக, மாற்றி ஓட்டுகிறார்கள். எங்களுக்கு நடந்தது அங்கேயும் நடக்கலாம், ஒருவேளை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருக்கலாம். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

மெஷின்

பழைய கை மில்லிங் மெஷின் அது. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் மூன்று அச்சிலும் பால் ஸ்க்ரூவும் (உள்ளே குண்டுகள் உருளும் திருகு) ஸ்டெப்பர் மோட்டாரும் (ஒரு மின் துடிப்புக்கு ஒரு சின்ன அடியாகச் சுற்றும் மோட்டார்) போட்டு மாற்றியிருந்தார். ஸ்க்ரூ பிட்ச் 5 மி.மீ., அதாவது ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு, மோட்டார் நேரடியாகக் கப்ளிங்கில். மோட்டாரை ஓட்டும் டிரைவில், ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கும்படி எட்டு மைக்ரோஸ்டெப் வைத்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், எட்டால் பெருக்கினால் 1,600. ஆக ஒரு மி.மீ.க்கு 320 துடிப்பு. ஓட்டுவது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் 1990களில் தொடங்கிய மென்பொருளின் வழிவந்தது அது. இலவசமாகக் கிடைக்கிறது, நன்றாக வேலை செய்கிறது, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

இரண்டு விஷயங்கள் இந்த மெஷினில் இல்லை. அச்சின் தொடக்கப் புள்ளியைக் காட்டும் ஹோம் ஸ்விட்ச் இல்லை. மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று அளந்து சொல்லும் என்கோடரும் இல்லை. அதாவது டேபிள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு ஒயர்கூடக் கிடையாது. இத்தனை துடிப்பு அனுப்பினேன், அதனால் இத்தனை மி.மீ. நகர்ந்திருக்கும் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் காலையில் மெஷினைப் போட்டதும் திரையில் நேற்றைய எண் எப்படி வந்தது? கான்ஃபிகரேஷன் ஃபைலில் "பொசிஷன் ஃபைல்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்துவிட்டால், மென்பொருளை மூடும்போது ஒவ்வொரு அச்சும் நின்ற எண்ணை அதில் எழுதி வைக்கும், அடுத்த முறை திறக்கும்போது அதையே எடுத்துக்கொண்டு தொடங்கும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஹோம் ஸ்விட்ச் இல்லாத சின்ன மெஷின்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வைத்த வசதி இது. கூடவே "நோ ஃபோர்ஸ் ஹோமிங்" என்ற வரியும் எங்கள் ஃபைலில் 1 என்று இருந்தது. அதாவது ஹோம் எடுக்காமலே, அந்தத் தொடக்கப் புள்ளியைத் தேடிப் பிடிக்காமலே, புரோகிராமை ஓட்ட அனுமதி.

பொசிஷன் ஃபைலுக்கு ஒரு நிபந்தனை உண்டு, கையேட்டிலேயே இருக்கிறது: மின்சாரம் இல்லாத நேரத்தில் மெஷின் அசையாமல் இருந்திருக்க வேண்டும். நான் அதைப் படித்திருக்கிறேன். ராத்திரியில் பூட்டிய ஷெட்டில் யார் அசைக்கப் போகிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன்.

கட்டை சொன்னது

முறிந்த டூலை எடுத்த பிறகு முதலில் பள்ளத்தை அளந்தோம். புரோகிராமில் முதல் வெட்டு ஆழம் 0.5 மி.மீ. டெப்த் வெர்னியரில் 4.2 வந்தது. ஆக இசட் 3.7 மி.மீ. கீழே இருந்திருக்கிறது. "டூல் காலட்டில் நழுவியிருக்கும் அண்ணா" என்றார் ஆப்பரேட்டர் தம்பி. நல்ல சந்தேகம்தான், டூலைப் பிடிக்கும் அந்தப் பிடியிலிருந்து எண்ட்மில் கீழ்நோக்கி இழுபட்டு நழுவுவது உண்டு. ஆனால் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே, காற்றில் நிற்கும்போதே உயரம் குறைவாக இருந்ததை அவரே பார்த்திருக்கிறார். அதனால் அது இல்லை.

ஓனர் வந்து பார்த்துவிட்டு, ஜாப் ஜீரோவை, அதாவது ஜாபில் அளவு தொடங்கும் புள்ளியை, யாராவது மாற்றினீர்களா என்று கேட்டார். அதையும் பார்த்தோம். லினக்ஸ்சிஎன்சி இந்த எண்களை ஒரு வார் ஃபைலில் வைத்துக்கொள்ளும். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், வரிக்கு ஒரு எண்ணும் அதன் மதிப்பும். 5221 என்றால் ஜி54 என்ற ஜாப் ஜீரோவின் எக்ஸ், 5222 ஒய், 5223 இசட். சனிக்கிழமை நோட்டில் எழுதி வைத்ததும் 5223-இல் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. பொசிஷன் ஃபைலைத் திறந்தால் வரிக்கு ஓர் எண். மூன்றாவது வரி 38.4625. சனிக்கிழமை திரையில் இருந்ததும் அதுதான் என்று தம்பி உறுதியாகச் சொன்னார். எண்களில் எங்கேயும் தப்பு இல்லை.

எங்கள் ஷெட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெரியவர் வருவார். ஜாலஹள்ளி எச்எம்டி மெஷின் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் பக்கம் அவர் வரமாட்டார். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மெஷினுக்கு அடியில் ஸ்வார்ஃப் எனும் உலோகச் சீவலுக்கு நடுவில் கிடந்த மரக்கட்டையை எடுத்துத் துடைத்தார். "தம்பி, இந்தக் கட்டையைப் பாருங்க" என்றார்.

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டூலைப் பிடித்துச் சுழற்றும் ஹெட் இந்த மெஷினில் பால் ஸ்க்ரூவில் தொங்குகிறது. கைமெஷினில் இருந்த பழைய ட்ரெபிசாய்டல் ஸ்க்ரூ தன் உராய்விலேயே பாரத்தைப் பிடித்து நிற்கும். பால் ஸ்க்ரூ அப்படி இல்லை, அதன் அழகே உராய்வு மிகக் குறைவாக இருப்பதுதான். மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்வரை மோட்டார் பிடித்துக்கொள்ளும். அணைத்தால் ஹெட் மெல்ல மெல்லக் கீழே வழியும். அதனால் தினமும் வேலை முடிந்ததும் வைஸ் மேல் ஒரு வேப்பங்கட்டையை வைத்து, டூல் அதில் லேசாகத் தொடும்வரை ஹெட்டை இறக்கிவிட்டு அணைப்பது வழக்கம். யாரும் எழுதி வைக்காத வழக்கம், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

கட்டையின் மேல்பக்கம் நான்கு பிறைகள் இருந்தன. நகத்தால் அழுத்தினால் வரும் தடம் போல, ஒரு வட்டத்தைச் சுற்றி நான்கு. நான்கு வாய் எண்ட்மில் தன் பாரத்தோடு வந்து உட்கார்ந்த அச்சு. பழைய தடங்கள் கறுத்திருந்தன, இது மட்டும் வெளுப்பாகப் புதிதாக இருந்தது. தினமும் லேசாகத் தொட்டு நிறுத்திய தடங்களைவிட ஆழமும் அதிகம்.

தம்பிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கட்டையை வைத்தாரே தவிர, டூலை அதில் தொடவைக்கவில்லை. கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மென்பொருளை முறையாக மூடினார், 38.4625 ஃபைலில் ஏறியது. அப்புறம் மெயினை அணைத்தார். ஹெட் அந்த இடைவெளியை மெல்லக் கடந்து கட்டையில் போய் உட்கார்ந்தது. திங்கட்கிழமை காலை, இன்னும் 38.4625-இல்தான் நிற்கிறோம் என்று மென்பொருள் தொடங்கியது.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மெஷினின் சரித்தன்மை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மனிதர் கட்டையைத் தொடவைத்தாரா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தால் அது அவர் தவறாக இருக்க முடியாது. அப்படி அமைத்து வைத்திருந்த நாங்கள்தான் பொறுப்பு.

பழி வெயிலின் மேல்

இதோடு முடிந்திருந்தால் "கட்டையை ஒழுங்காக வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். ஆனால் 3.7 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வேறொரு பழைய தொல்லை நினைவுக்கு வந்தது.

சில வாரங்களாகவே, இரண்டு நாள் ஓடும் ஜாபில் டோவல் துளைகள் (இரண்டு பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் பின்னுக்கான துளைகள்) பொருந்தவில்லை என்று புகார். முதல் நாள் போட்ட துளைகள் தங்களுக்குள் சரியாக இருக்கும். மறுநாள் போட்டவையும் தங்களுக்குள் சரியாக இருக்கும். ஆனால் நேற்றையதற்கும் இன்றையதற்கும் 0.02, 0.03, சில சமயம் 0.04 மி.மீ. விலகல். டோவல் பின்னுக்கு இது பெரிய விஷயம், சுத்தியால் தட்டினாலும் இறங்காது.

நாங்கள் வெப்பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். காரணமில்லாமல் இல்லை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரான் விரியும். 300 மி.மீ. பிளேட், காலைக்கும் மதியத்துக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்றால் 0.035 மி.மீ. வருகிறது. பார்த்த பிழையும் அந்த அளவுதான். கணக்கு பொருந்தியதால் அதையே நம்பிவிட்டோம். ஷீட் கூரை, பெங்களூரு காலைக் குளிர் என்று கதையும் சேர்ந்துகொண்டது.

இப்போது திரும்பிப் பார்த்தால் இரண்டு இடத்தில் அந்தக் கணக்கு இடித்திருக்க வேண்டும். ஒன்று, பிளேட் விரியும்போது எஃகு ஸ்க்ரூவும் வார்ப்பிரும்பு டேபிளும் சேர்ந்தே விரியும். அது மீட்டருக்கு 11, 12 மைக்ரான். கழித்தால் பாதிதான் மிஞ்சும். இரண்டாவது இன்னும் முக்கியம். வெப்பத்தால் வரும் பிழை ஜீரோவிலிருந்து தள்ளிப் போகப் போகக் கூட வேண்டும். ஜீரோவிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கும் துளையும் 280 மி.மீ. தள்ளி இருக்கும் துளையும் ஒரே அளவு விலகியிருந்தால் அது விரிவு அல்ல, மொத்தமாக நகர்ந்திருக்கிறது. புகார் வந்த பிளேட்டுகள் இரண்டு ஷெட்டிலேயே கிடந்தன. எடுத்து அளந்தேன். எல்லாத் துளையும் ஒரே பக்கம், ஒரே அளவு.

0.1-க்கு ஒரு பள்ளம்

ஸ்டெப்பர் மோட்டாரின் ஒரு முழு ஸ்டெப் 1.8 டிகிரி. அதன் சுருள்களில் மின்னோட்டம் மாறி மாறிப் போய்த் தொடங்கிய நிலைக்கே திரும்ப நான்கு முழு ஸ்டெப் ஆகும், அதாவது 7.2 டிகிரி. டிரைவுக்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்தால், அது எந்த மைக்ரோஸ்டெப்பில் நின்றது என்பது அதற்கு நினைவில்லை. தன் ஆரம்ப நிலைக்கான மின்னோட்டத்தைச் சுருள்களில் விடும். ரோட்டர் அதற்குப் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு இழுபட்டுப் போய் நிற்கும். அந்த இடங்கள் 7.2 டிகிரிக்கு ஒன்றாக வரிசையாக இருக்கின்றன. எங்கள் 5 மி.மீ. ஸ்க்ரூவில் 7.2 டிகிரி என்பது சரியாக 0.1 மி.மீ.

பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சோழியைக் குழிகளுக்கு நடுவில் எங்கே விட்டாலும் பக்கத்துக் குழியில் போய் விழும். எங்கள் டேபிள் ஒவ்வொரு காலையும் அப்படித்தான் 0.05 மி.மீ. வரை முன்னாலோ பின்னாலோ விழுந்துகொண்டிருந்தது. மென்பொருள் நேற்றைய எண்ணை அட்சரசுத்தமாக நினைவில் வைத்திருந்தது. டேபிள் மட்டும் அங்கே இல்லை.

கணக்கு பொருந்துகிறது என்று நம்பி ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்துவிட்டதால் இந்த முறை நகர்வை முள்ளால் காட்டும் டயல் வைத்துச் சோதித்தோம். டிரைவை அணைத்துப் போட்டதும் எக்ஸ் போய் உட்கார்ந்த இடத்தில் டயலையும் திரையையும் பூஜ்யமாக்கினோம். 0.03 நகர்த்தி, டிரைவை அணைத்துப் போட்டோம். திரையில் 0.03 அப்படியே நின்றது, டயல் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. மறுபடி முதலிலிருந்து. 0.06 நகர்த்தி அணைத்துப் போட்டால் முள் 0.10-க்கு முன்னால் தாவியது. 0.10-இல் வைத்து அணைத்துப் போட்டால் அசையவே இல்லை. 0.05-இல் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். உராய்வினால் ஒன்றிரண்டு நூறில் ஒரு பங்கு முன்பின் இருந்தது, மற்றபடி ஒவ்வொரு முறையும் இதேதான்.

டிரைவைப் போடும்போது மோட்டாரில் "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். மெஷின் உயிர் பெறுகிறது என்று நினைத்திருந்தோம். டேபிள் இடம் மாறும் சத்தம் அது.

பெரியவர் டயலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துக்கிட்டே இருந்திருக்கு" என்றார். ஆமாம். ஒரு நாள் பிழை அடுத்த நாள் தொடக்கமாகிறது, அதன்மேல் இன்னொரு பிழை. எந்தப் பக்கம் என்றும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் அன்றே புரிந்தது. எங்கள் யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், டிரைவ்களுக்கு இல்லை. மின்சாரம் ஒரு நிமிஷம் போய் வந்தால் கம்ப்யூட்டர் அணையாது, திரையில் எண் மாறாது, ஆனால் டிரைவ்கள் அணைந்து திரும்ப வந்திருக்கும். மறுநாள் காலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வேலை நடுவிலேயே நகரும். யுபிஎஸ் இல்லாமல் கம்ப்யூட்டரே அணைந்திருந்தாலாவது ஏதோ நடந்தது என்று தெரிந்திருக்கும். அப்போதும் பொசிஷன் ஃபைலில் இருப்பது அதற்கு முந்தைய முறை ஒழுங்காக மூடியபோது எழுதிய எண், இன்றையது இல்லை.

பக்கத்து ஷெட்டின் மெஷின்

ஓனர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "பக்கத்து ஷெட் விஎம்சியில் ஃபானுக் இருக்கு. அதுக்குக் காலையில ஹோம் எடுக்கிறதே இல்லையே. அது மட்டும் எப்படி நினைவில் வைக்குது?"

விஎம்சி என்றால் கம்பெனியிலேயே சிஎன்சியாகச் செய்து வரும் மில்லிங் மெஷின், ஃபானுக் அதை ஓட்டும் கன்ட்ரோலர். அதில் இருப்பது அப்சொல்யூட் என்கோடர். அதற்கென்று தனியாக ஒரு பேட்டரி. மெஷின் மெயின் அணைந்திருந்தாலும் என்கோடர் விழித்திருந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். ராத்திரியில் யாராவது அச்சைத் திருப்பினால் அதையும் சேர்த்து எண்ணும். எங்களுடையது சாயங்காலம் எழுதி வைத்த சீட்டு. அவர்களுடையது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் காவலாளி.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகிறது என்பது. மெஷின் அலாரம் போட்டு நின்றுவிடும், ரெஃபரன்ஸைத் திரும்ப எடுக்காமல் ஓடாது. அதனால்தான் அந்தப் பேட்டரியை மெஷின் ஓடும் நிலையில் வைத்தே மாற்றச் சொல்கிறார்கள். தன் நினைவு போய்விட்டது என்று அதற்குத் தெரிகிறது, சொல்லவும் செய்கிறது. எங்கள் மெஷினுக்கு அந்த அறிவு இல்லை. 3.7 மி.மீ. தள்ளி நின்றுகொண்டு, முழு நம்பிக்கையோடு நான்கு தசமம் வரை எண் காட்டியது.

எது நிற்கும், எது நிற்காது

அதன் பிறகு உட்கார்ந்து, மெஷின் ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு என்னவெல்லாம் கொண்டுபோகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஜி54 போன்ற ஜாப் ஜீரோ எண்களைக் கொண்டுபோகலாம், அவை ஒரு தொடர்பைச் சொல்கின்றன. மெஷின் ஜீரோவிலிருந்து ஜாப் இத்தனை தூரம் என்பது மின்சாரம் போனதால் மாறாது. ஆனால் அந்த மெஷின் ஜீரோ ஒவ்வொரு காலையும் அதே இடத்தில் கிடைக்க வேண்டும். எல்லைக்கல்லைப் பிடுங்கி இரண்டு அடி தள்ளி நட்டுவிட்டால், பத்திரத்தில் உள்ள அளவு எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் வேலி பக்கத்து நிலத்தில்தான் விழும். எங்கள் 5223 அப்படித்தான் இருந்தது.

அச்சு நிற்கும் இடம் கொண்டுபோகக் கூடாதது. தினமும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் எந்த டூல் என்பதில் நான் கொஞ்சம் பயந்தேன். லினக்ஸ்சிஎன்சியை மூடித் திறந்தால், எங்களைப் போலக் கையால் டூல் மாற்றும் மெஷினில், ஸ்பிண்டில் காலி என்று நினைத்துத் தொடங்கும். டூல் நீளத் திருத்தமான ஜி43-உம் விழுந்துபோயிருக்கும். டூல் டேபிள் என்ற பட்டியலில் நீளங்கள் பத்திரமாக இருக்கும், அவற்றில் ஒன்றும் செயலில் இருக்காது. எம்61 க்யூ5 என்று கொடுத்து 5ஆம் டூல்தான் இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும், அப்புறம் ஜி43. இது நல்ல நடத்தை என்றே இப்போது நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு நம்மைக் கேட்கிறது.

வார் ஃபைலைப் புரட்டியபோது 5210 என்ற வரியில் 1 இருந்தது. ஜி92, அதாவது அளவுகளை மொத்தமாகத் தள்ளிவைக்கும் ஒரு திருத்தம், செயலில் இருக்கிறது என்று அர்த்தம். எப்போதோ யாரோ போட்டது, எக்ஸில் சின்ன எண் ஒன்று, நாளுக்கு நாள் கூடவே வந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு டூலை ஜாபில் தொடவைத்து ஜீரோ எடுத்த டச் ஆஃப் எல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதை அழித்துவிட்டு, ஜி92 மறுநாளுக்குத் தொடராதபடி அதற்கென உள்ள வரியையும் ஃபைலில் போட்டுவிட்டேன். எங்கள் ஷெட்டில் இனி ஜி92 கிடையாது.

மாற்றியவை

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்குப் போய், ஹோம் ஸ்விட்சாக வைக்க, தொடாமலே இரும்பை உணரும் மூன்று எம்12 ப்ராக்ஸிமிட்டி சென்சார் வாங்கி வந்தோம். மைக்ரோஸ்விட்சைவிட இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வெட்டும்போது ஊற்றும் கூலண்ட். ஆனால் ப்ராக்ஸிமிட்டியின் முகத்தில் இரும்புத் தூள் ஒட்டினால் அது முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒய் சென்சாரை டேபிளின் பின்பக்கம், கவருக்கு உள்ளே வைத்தோம். அதற்குப் பிராக்கெட் அடிக்கவே ஒரு நாள் போனது.

ஹோம் எடுக்கும் வரிசையில் இசட் முதலில், மேல்நோக்கி. எக்ஸும் ஒய்யும் அதற்குப் பின். டூல் ஜாபுக்குள் இருக்கும்போது டேபிள் நகரக் கூடாது என்பதற்காக. சென்சாரை முதலில் வேகமாகத் தேடும், கண்டதும் பின்வாங்கி, மிக மெதுவாக வந்து திரும்பத் தொடும். அந்த மெதுவான தொடுதல்தான் கணக்கில் ஏறும். டயல் வைத்து இருபது முறை ஹோம் எடுத்துப் பார்த்தோம், எல்லாம் 0.02-க்குள் வந்தது. இதைவிட நன்றாக ஆக்க வழிகள் உண்டு, எங்கள் வேலைக்கு இது போதும். டோவல் துளைகளை மட்டும் இனி ஒரே நாளில் முடிப்பது என்று முடிவு.

பொசிஷன் ஃபைல் வரியையும் நோ ஃபோர்ஸ் ஹோமிங் வரியையும் எடுத்துவிட்டேன். இப்போது ஹோம் எடுக்காமல் புரோகிராம் ஓடாது.

மின்சாரம் போய் வரும் விஷயத்துக்கு இரண்டு வேலை சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது. டிரைவ்களின் பவர் சப்ளையில் ஒரு ரிலே வைத்து, அதன் கான்டாக்டை எமர்ஜென்ஸி ஸ்டாப் வரிசையில் கோத்தோம். சப்ளை ஒரு கணம் விழுந்தாலும் மெஷின் எமர்ஜென்ஸியில் போய் நிற்கும். அதோடு "வாலடைல் ஹோம்" என்ற வரியை மூன்று அச்சுக்கும் 1 என்று வைத்தேன். எமர்ஜென்ஸி விழுந்தாலோ மெஷின் பவர் போனாலோ, ஹோம் எடுத்ததை அது மறந்துவிடும். என்கோடர் இல்லாத, ஹோம் ஸ்விட்ச் உள்ள ஸ்டெப்பர் மெஷின்களுக்காகவே இருக்கும் வரி இது. முன்னாலேயே இதைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும், ஆனால் ஸ்விட்ச் இல்லாமல் இதைப் போட்டுப் பயனில்லை.

ஆப்பரேட்டர் தம்பிக்கு முதல் வாரம் இது எரிச்சலாக இருந்தது. "எமர்ஜென்ஸியைத் தொட்டாலே மறுபடி ஹோம் எடுக்கணுமா அண்ணா?" ஆமாம், எடுக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான வேலை.

டேபிளின் வலது மூலையில் ஒரு 10 மி.மீ. டோவல் பின்னை நிரந்தரமாக அடித்து வைத்தோம். காலையில் ஹோம் எடுத்ததும் ஒரு சின்ன புரோகிராம் ஜி53-இல், அதாவது மெஷின் ஜீரோவிலிருந்து நேராக, அந்தப் பின்னுக்குப் போகும். ஸ்பிண்டிலில் டயலைக் கட்டிச் சுற்றிப் பார்ப்பார் தம்பி. முள் எவ்வளவு ஆடியது என்பதை நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் சாயங்காலம் எழுதுவதையும் மாற்றினோம். திரையில் உள்ள எண்களை எழுதும் பழக்கம் போய்விட்டது. இப்போது எழுதுவது இப்படி: "ஜாப் ஜீரோ இடது முன் மூலை, மேல் பரப்பு. ஸ்பிண்டிலில் டூல் 5. மூன்றாவது பாக்கெட் முடிந்தது. நான்காவது தொடங்கவில்லை." பாதி வரியிலிருந்து ஓட்டுவதையும் விட்டுவிட்டோம். ஒரு டூலுக்கு ஒரு புரோகிராம், நின்றுபோனால் அந்த டூலின் தொடக்கத்திலிருந்துதான். சில நிமிஷம் காற்றில் ஓடும், பரவாயில்லை.

மீந்திருப்பது

நாலு வாரம் ஆகிறது. பின்னில் டயல் காட்டிய அதிகபட்ச ஆட்டம் 0.03. அது ஒரு குளிரான காலை, மெஷின் சூடேறிய பிறகு பார்த்தபோது 0.01-க்கு வந்தது. வெயிலின் மேல் முன்பு போட்ட பழியில் இவ்வளவு மட்டும் உண்மை.

ஹெட் கீழே வழிவது இன்னும் நிற்கவில்லை. பிரேக் உள்ள இசட் மோட்டார் அல்லது பாரத்தைத் தாங்க ஒரு கேஸ் ஸ்பிரிங், இரண்டில் ஒன்று போட வேண்டும். இந்த மாத பில் வசூலானதும் பார்க்கலாம் என்று ஓனர் சொல்லியிருக்கிறார். அதுவரை சாயங்காலம் வேப்பங்கட்டை வைஸ் மேல் உட்காருகிறது. பெரியவர் அதன் மேல்பக்கத்தை இழைத்துச் சுத்தமாக்கிக் கொடுத்தார். நேற்று பார்த்தேன், லேசாக ஒரே ஒரு பிறை விழுந்திருந்தது.